டீசல் ஜெனரேட்டரை பைக்கில் ஏற்றினால் லிட்டருக்கு 150 வருமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "அண்ணே, ரயிலில் டீசல் என்ஜின் கரண்ட் மட்டும்தான் தயாரிக்கிறது, சக்கரத்தை ஓட்டுவது மோட்டார். அதையே பைக்கில் செய்தால் என்ன? பழைய புல்லட் சேஸிஸ் ஒன்று வீட்டில் கிடக்கிறது. சின்ன டீசல் என்ஜின், ஒரு ஜெனரேட்டர், பின்சக்கரத்தில் ஹப் மோட்டார், நடுவில் பேட்டரி. என் கணக்குப்படி லிட்டருக்கு 150 கிலோமீட்டர் வரும், சார்ஜ் போடவே வேண்டாம். ஏன் யாருமே செய்வதில்லை?"

2025 ஜனவரி 6, இரவு

ரயிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தண்டையார்பேட்டை லோகோ ஷெட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு டபிள்யூடிஎம்-2 டீசல் ரயில் என்ஜின் தெரிந்திருக்கும். 2600 எச்பி டீசல் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும், அந்தக் கரண்டில் அச்சோடு கோர்த்த 6 மோட்டார்கள் ஓடும். டீசலை மிச்சம் பிடிக்கவா அப்படிச் செய்தார்கள்? ஆயிரக்கணக்கான டன்னை நின்ற இடத்திலிருந்து இழுக்க வேண்டும். அந்த பாரத்துக்கு கிளட்ச் வைத்தால் தேய்ந்து புகைந்துவிடும். மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும் முன்பே முழு இழுவையையும் கொடுக்கும். அந்த ஒரு வசதிக்காக நடுவில் கொஞ்சம் சக்தி வீணாவதை ரயில்வே பொறுத்துக்கொண்டது. இருநூறு கிலோ வண்டிக்கு கிளட்ச் ஒரு பாரமே இல்லை.

இப்போது சக்தி எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சக்தி இருக்கிறது. ஒற்றை சிலிண்டர் சின்ன டீசல் நன்றாக வேலை செய்தால் அதில் 30 சதவீதம் தண்டுக்கு வரும், அதாவது 3 யூனிட். ஜெனரேட்டரும், அதன் ஏசி கரண்டை டிசி ஆக்கும் டயோடும் சேர்ந்து 15 சதவீதத்தைத் தின்றால் 2.55. பேட்டரிக்குள் போய் வெளியே வரும்போது 2.4. மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர், மோட்டார் தாண்டி டயருக்கு வருவது 2 யூனிட். சங்கிலியில் நேராக ஓட்டினால் அதே 3 யூனிட்டில் 2.7க்கு மேல் டயருக்கு வந்திருக்கும். அதனால் 150 வராது தம்பி.

ஜனவரி 7, காலை

டயருக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் மேலே உள்ள கணக்கு பாதிதான். வண்டியும் ஆளும் சேர்ந்து 250 கிலோ, ஓட்டுபவர் நிமிர்ந்து உட்கார்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 வேகத்தில் சுமார் 950 வாட் போதும். 50ல் 1.6 கிலோவாட். 60ல் 2.3. 80ல் 5க்குப் பக்கம் போகும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ளும் சக்தி எட்டு மடங்கு வேண்டும், அதனால்தான் இப்படி எகிறுகிறது. சமதளத்தில் சீராகப் போகும்போது உள்ள அளவு இது. மேம்பாலம் ஏற இதைவிட நிறைய வேண்டும்.

50 வேகத்தில் கிலோமீட்டருக்கு 32 வாட்-மணி ஆகிறது. 2 யூனிட்டை அதால் வகுத்தால் லிட்டருக்கு 60 சொச்சம்.

ஜனவரி 7, இரவு

"அப்போ டீசல் புல்லட்டே பரவாயில்லையே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மைலேஜ் மட்டும் பார்த்தால் பரவாயில்லைதான், சந்தேகமே வேண்டாம். அது நம் ஊர் வண்டி. 1955ல் திருவொற்றியூரில் தொடங்கிய எந்ஃபீல்டு தொழிற்சாலையின் புல்லட் சேஸிஸில் 325 சிசி கிரீவ்ஸ் லொம்பார்டினி டீசலை வைத்துத் தொண்ணூறுகளில் விற்றார்கள். டாரஸ் என்று பெயர். 6.5 எச்பி, ஏறக்குறைய 65க்கு மேல் ஓடாது. ஆனால் லிட்டருக்கு 70, 80 என்று கொடுத்தது. புகைக் கட்டுப்பாடு வந்ததும் 2000 வாக்கில் நின்றுபோனது.

நான் சின்ன வயதில் காசிமேட்டில் ஐஸ் வியாபாரி ஒருவர் அந்த வண்டி வைத்திருந்தார். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை மிதித்து, எழுப்பும்போதே தெருவுக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்து போனால் இறங்கிய பிறகும் கை நடுங்கும். ஆனால் அவர் பெட்ரோல் பங்க்கில் நின்று நான் பார்த்ததே அபூர்வம்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பெட்ரோல் என்ஜினில் மெதுவாகப் போகும்போது த்ராட்டில் பாதி மூடியிருக்கும், என்ஜின் காற்றை உறிஞ்சவே திணறும், அதில் சக்தி வீணாகும். ஹைபிரிட் காரில் பெட்ரோலுக்குக் கிடைக்கும் லாபத்தில் பெரிய பங்கு அந்த வீணைத் தவிர்ப்பதால் வருகிறது. டீசலில் அந்த மூடியே கிடையாது. காற்று முழுதாகப் போகும், டீசல் எண்ணெயின் அளவு மட்டும் கூடும் குறையும். மெதுவாகப் போகும்போதும் டீசல் கொஞ்சம் சிக்கனமாகவே இருக்கிறது. அதனால் ஹைபிரிட் ஆக்கி மீட்க வேண்டிய வீண் அதில் குறைவு. "டீசல் நல்லது, ஹைபிரிட் நல்லது, ரெண்டையும் சேர்த்தால் ரெண்டு மடங்கு நல்லது" என்ற எண்ணம் இடறுவது இங்கேதான்.

ஜனவரி 11

"இவ்வளவு சொல்கிற நீங்கள் ஏன் அப்படி ஒரு வண்டியைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் கடைக்கு வந்தவர் யாரோ இங்கே சொல்லியிருக்கிறார் போல.

நான் தண்டையார்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பம்ப்செட், கிரைண்டர், லேத் மோட்டார் கட்டியே கை பழகியது. இப்போது வருவதில் பாதி மின்சார வண்டி மோட்டார். அதனால் இந்த வண்டியில் எனக்குத் தெரிந்த பாகமே பெரிய பாகம். மைலேஜுக்காக இதை ஆரம்பிக்கவில்லை. ஜெனரேட்டர் சராசரிச் செலவை மட்டும் கொடுத்தால் போதும், திடீர் இழுவையை பேட்டரி பார்த்துக்கொள்ளும் என்பதைக் கையால் செய்து பார்க்க ஆசை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகிறவருக்குச் சராசரி வேகம் 20 தாண்டாது. அந்த வேகத்தில் சராசரியாக 800 வாட் இருந்தாலே வண்டி ஓடும். பாலம் ஏற 3 கிலோவாட் வேண்டியிருக்கும், அதுவும் அரை நிமிஷத்துக்கு. 6.5 எச்பி டீசல் எதற்கு, அதில் பாதி போதுமே!

இன்னொரு லாபமும் உண்டு, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். டீசல் புல்லட்டில் என்ஜின் கியர்பாக்ஸோடும் சங்கிலியோடும் கட்டுண்டது, அதனால் சேஸிஸில் இறுக்கமாகப் பூட்டியாக வேண்டும். அழுத்த விகிதம் 20ஐ ஒட்டிய ஒற்றை சிலிண்டரின் அடி முழுக்க ஓட்டுபவரின் எலும்புக்கு வரும். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கேபிள் மட்டும் இருந்தால் அதைத் தடிமனான ரப்பரில் தொங்கவிடலாம். ஆனால் என்ஜினும் ஜெனரேட்டரும் ஒரே தகட்டில் இருக்க வேண்டும், ரப்பர் அந்தத் தகட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில். ஜெனரேட்டரை சேஸிஸிலும் என்ஜினை ரப்பரிலும் வைத்தால் கப்ளிங் உடைந்துவிடும்.

ஜனவரி 12

எடை கேட்டவருக்கு: 211 சிசி ஏர்கூல் டீசல் 27 கிலோ. ஜெனரேட்டர் பத்துக்குள். 51.2 வோல்ட் 50 ஆம்பியர்-மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி 25ஐ ஒட்டி. ஹப் மோட்டார் 15. தகடு, கேபிள், டேங்க், சைலன்சர் எல்லாம் சேர்த்து வண்டி டாரஸ் எடைக்கே வந்து நிற்கிறது. அது 196 கிலோ என்று சொல்வார்கள்.

ஜனவரி 19

ஜெனரேட்டர் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

கார் ஆல்டர்னேட்டரை வைக்காதீர்கள். சுலபமாகக் கிடைக்கும், விலை குறைவு, எல்லாம் சரி. ஆனால் உள்ளே போகும் சக்தியில் 55, 60 சதவீதத்தைத்தான் கரண்டாகக் கொடுக்கும். காருக்குள் அது வசதிக்காகச் செய்த பொருள். முதல் நாள் எழுதிய 15 சதவீத இழப்பு இதை வைத்தால் 40 சதவீதமாகிவிடும், அப்புறம் வண்டியில் மிச்சம் என்ன இருக்கிறது?

காந்தம் வைத்த பிஎல்டிசி (பிரஷ் இல்லாத) மோட்டாரைத் திருப்பிச் சுற்றினால் அதுவே நல்ல ஜெனரேட்டர். காயில் எரிந்துபோன இ-ரிக்‌ஷா மோட்டார் சும்மா விலைக்குக் கிடைக்கும். எரிந்தது காயில்தான், காந்தமும் பேரிங்கும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். மறுபடி காயில் கட்டியாக வேண்டும் என்பதே இதில் நமக்குச் சாதகம். 48 வோல்ட் மோட்டார் 3000 சுற்றில் 48 வோல்ட்டை ஒட்டிக் கொடுக்கும். நம் டீசலை 2200 சுற்றில் நிதானமாக ஓட்ட ஆசை. அந்த வேகத்தில் 35 வோல்ட்தான் வரும், பேட்டரிக்குள் ஒரு ஆம்பியர்கூட ஏறாது. காயிலில் சுற்று எண்ணிக்கையை ஒன்றரை மடங்காக்கி, கம்பியை அதற்கேற்ப மெல்லியதாக எடுத்தால் 2200லேயே 53 வோல்ட் வரும். என்ஜின் சுற்றைப் பிடித்து வைக்கும் கவர்னரைக் கொஞ்சம் உயர்த்தினால் ஆம்பியர் ஏறும், தாழ்த்தினால் இறங்கும். பெல்ட் வேண்டாம், புல்லி வேண்டாம், நேர் கப்ளிங். கப்ளிங்கையும் அடாப்டர் தகட்டையும் பழைய வண்ணாரப்பேட்டை லேத் கடை பாய் கடைந்து கொடுத்தார். தண்டு ஒரு நூல்கூட ஆடவில்லை, அந்தக் கைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

டயோடு: மூன்று ஃபேஸ் பிரிட்ஜ் மாட்யூல் ஒன்று போதும். இரண்டு டயோடு வழியாகக் கரண்ட் போவதால் ஏறக்குறைய 2 வோல்ட் விழும். 25 ஆம்பியரில் அது 50 வாட் சூடு. அலுமினியத் துண்டில் பூட்டிக் காற்று படும் இடத்தில் வையுங்கள், சீட்டுக்கு அடியில் வேண்டாம்.

ஜனவரி 20

மேலே சொன்னதில் அபாயமான ஒன்று விட்டுப்போனது. பேட்டரி நிறைந்ததும் அதைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் தொடர்பைத் துண்டிக்கும். டீசல் ஓடிக்கொண்டே இருந்தால் ஜெனரேட்டரின் கரண்ட் போக இடமில்லாமல் வோல்டேஜ் சட்டென்று எகிறும். கன்ட்ரோலரும் சேர்ந்து செத்துவிடலாம். அதனால் பிஎம்எஸ் துண்டிக்கும் முன்பே டீசல் நிற்க வேண்டும். நம் 16 செல் பேட்டரிக்கு பிஎம்எஸ் 58.4 வோல்ட்டில் வெட்டும் என்றால், 56 வோல்ட்டில் ஒரு ரிலே வைத்து எண்ணெய் லீவரை சோலனாய்டால் இழுத்துவிடுங்கள். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை, சாவியைத் திருப்பினால் நிற்காது. எண்ணெயை நிறுத்தினால்தான் நிற்கும்.

கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டிப் பார்க்கவே கூடாது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்து முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

பிப்ரவரி 2

ஓடுகிறது! மணலி பக்கம் தெரிந்தவரின் கன்டெய்னர் யார்டில் உள்சாலை இருக்கிறது, அவர் அனுமதியோடு அங்கே மட்டும்.

ரப்பர் வேலை செய்கிறது. கைப்பிடியில் நடுக்கம் இருக்கிறது, ஆனால் டீசல் புல்லட்டில் பாதிகூட இல்லை. பழகச் சிரமமானது சத்தம். நான் த்ராட்டிலை முறுக்கும்போது என்ஜின் அதே தாளத்தில் போகிறது. வண்டி நிற்கிறது, என்ஜின் முழங்குகிறது. வேகம் ஏறுகிறது, சத்தம் மாறவே இல்லை. பல வருஷமாக என்ஜின் சத்தத்தைக் கேட்டு வேகத்தை உணர்ந்த காதுக்கு இது விநோதமாக இருக்கிறது. யார்டு வாட்ச்மேன் "கியர் மாட்டிக்கிச்சா சார்?" என்று ஓடிவந்தார்.

ஜெனரேட்டரிலிருந்து தொடர்ந்து கிடைப்பது 1.2 கிலோவாட். அதற்கு மேல் போனால் காயில் சூடேறுகிறது. 40 வேகத்தில் பேட்டரி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதற்கு மேல் விடாமல் ஓட்டினால் மெல்ல இறங்குகிறது.

பிப்ரவரி 9

டீசலை அளந்து ஊற்றி, பேட்டரிக்குள் போன கரண்டை மீட்டரில் பார்த்தேன். லிட்டருக்கு 2.2 யூனிட். முதல் நாள் கணக்கில் இந்த இடத்துக்கு 2.55 போட்டிருந்தேன். என்ஜின் பாதி பாரத்தில் ஓடுவதால் அந்த 30 சதவீதம் 26 ஆகிவிட்டது. டயருக்கு வருவது 1.7, அதாவது 50 வேகத்தில் லிட்டருக்கு 53 கிலோமீட்டர்.

இதைவிடக் கசப்பான கணக்கு ஒன்று. டீசல் லிட்டர் 92 ரூபாய்க்கு மேல். 2.2ஆல் வகுத்தால் ஒரு யூனிட் 42 ரூபாய். வீட்டுக் கரண்ட் எந்த ஸ்லாபில் போனாலும் 12 ரூபாய்க்குள். "சார்ஜ் போடவே வேண்டாம்" என்பது மூன்றரை மடங்கு விலை கொடுத்துக் கரண்ட் வாங்குவதாகிறது. 2.5 யூனிட் பேட்டரியை ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டால் 50 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். எண்ணூரிலிருந்து சென்ட்ரல் போய்த் திரும்ப அதுவே தாராளம். அப்படியென்றால் பைக்கில் 40 கிலோ டீசல் சாமான் ஏன் தினமும் கூடவே வர வேண்டும்? இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

பிப்ரவரி 10

பிரேக் பிடிக்கும்போது கரண்ட் திரும்புமே, அதைச் சேர்த்தீர்களா என்று கேட்டவருக்கு: 250 கிலோ 40 வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் சக்தி 4.3 வாட்-மணி. பாதி திரும்பினால் 2. அதை வைத்து 60, 70 மீட்டர் போகலாம். மூலக்கடையிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரை நின்று நின்று போகிறவருக்கு அது கூடிக்கூடி ஒரு தொகையாகும், பிரேக் ஷூவும் மிச்சம். காலி ரோட்டில் ஒன்றும் தெரியாது.

பிப்ரவரி 16

மழை. மழை வந்தால் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சப்வே பற்றிப் பேசாமல் வியாசர்பாடி ஆளுக்கு வண்டி யோசனை சொல்ல முடியாது.

டீசலின் அழகே தண்ணீரில் தெரியும். ஸ்பார்க் இல்லை, காயில் இல்லை. காற்று உறிஞ்சும் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும் வரை ஓடும். ஹைபிரிட் ஆக்கியதும் அந்த தைரியம் போகிறது, ஏனென்றால் சக்கரத்துக்குப் போகும் ஒரே வழி கரண்ட். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் என் கடையில் ஹப் மோட்டார்கள் குவிந்தன. திறந்தால் உள்ளே காந்த வளையம் முழுக்கத் துரு, காந்தம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஹால் சென்சாரின் கால்கள் பச்சை பூத்திருக்கும். தண்ணீர் பெரும்பாலும் அச்சுக்குள் கேபிள் நுழையும் துளை வழியாகத்தான் போகிறது. அந்தத் துளையை சிலிகானால் அடைத்து, கேபிளை அச்சுக்கு வெளியே ஒரு முறை கீழே வளைத்து மேலே ஏற்றுங்கள். தண்ணீர் கேபிள் வழியே வழிந்து உள்ளே போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

கடற்கரைத் தெருக்களில் இருப்பவர்கள் வெறும் செம்புக் கம்பி போடாதீர்கள். உப்புக் காற்று இன்சுலேஷனுக்குள்ளேயே போய்க் கறுக்க வைத்துவிடும். வெள்ளீய முலாம் பூசிய கம்பியே போடுங்கள். படகு வயரிங் செய்கிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும்.

பிப்ரவரி 23

ஆர்சி பற்றிக் கேட்கிறீர்கள். நேராகச் சொல்கிறேன், ரோட்டில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சியில் எழுதியிருப்பதிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. புது வகை வண்டி என்றால் அங்கீகரித்த சோதனை நிலையத்தில் மாதிரி வண்டி தேறியாக வேண்டும். நமக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒன்று இருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து புது வண்டிக்கு பிஎஸ்-6 புகை விதி. என்ஜினே தள்ளும் சாதாரண பம்பால் எண்ணெய் பீச்சும் இந்தச் சின்ன டீசல் அதை நெருங்கவே நெருங்காது. 250 வாட், 25 வேகம் என்ற விலக்கு பேட்டரி வண்டிக்குத்தான், டீசலை மாட்டினால் அதுவும் போச்சு.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் பக்கத்துத் தெருக்களில் ஏற்கெனவே லாரிப் புகை எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். வாசலில் குழந்தைகள் விளையாடும் சந்துக்குள், சிக்னலில் நிற்கும்போதும் ஓடும் டீசலை நான் கொண்டுபோக மாட்டேன்.

மார்ச் 2

பேச்சு மீன்பாடி வண்டிக்குத் திரும்பியிருக்கிறது. எனக்கு ரொம்ப சந்தோஷம், இதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று சக்கரம், தட்டையான பலகை, ஓரத்தில் பழைய பைக் என்ஜின். நின்ற இடத்திலிருந்து முழு பாரத்தை இழுக்கும்போது கிளட்ச் கருகும் வாசனையை காசிமேட்டில் மூக்கே சொல்லும். முதல் குறிப்பில் ரயிலுக்குச் சொன்ன காரணம் பைக்குக்குப் பொருந்தவில்லை, இந்த வண்டிக்குப் பொருந்துகிறது. அரை டன் ஐஸ் பெட்டியோடு நடை வேகத்தில், நின்று நின்று போகும். காற்று எதிர்ப்பு ஒன்றுமில்லை. பலகைக்கு அடியில் 40 கிலோ டீசல் சாமான் இருப்பதே தெரியாது. வேகம் 15 போதும் என்பதால் மோட்டாரைச் சங்கிலியில் நன்றாகக் குறைத்து பின் அச்சுக்குக் கொடுக்கலாம், ஹப் மோட்டார் வேண்டாம். ராத்திரி பிளக்கில் சார்ஜ் போட்டு, விடியற்காலை ஏலம் முடியும் வரை பேட்டரியிலேயே ஓட்டி, கரண்ட் தீர்ந்தால் மட்டும் திறந்தவெளியில் நிறுத்தி டீசலை எழுப்ப வேண்டும்.

இதற்கும் ஆர்சி கிடையாது, போலீஸ் பிடித்தால் போனதுதான். அதனால் வேண்டியது ஐஸ் கம்பெனி, யார்டு மாதிரி உள்வளாகத்தில் ஓடும் வண்டி. ஒருவர் தன் யார்டுக்குக் கேட்டிருக்கிறார். பைக்கிலிருந்து என்ஜினையும் ஜெனரேட்டரையும் தகட்டோடு கழற்றி அதற்கு மாற்றப்போகிறேன். பைக்கில் அந்த இடத்துக்கு இன்னொரு பேட்டரி.

மார்ச் 5

மீன்பாடிக்கு பம்ப்செட் கிர்லோஸ்கர் 5 எச்பி வைக்கலாமா என்று கேட்டவருக்கு: 1500 சுற்று, ஆயுசு கெட்டி, சத்தமும் ஆழமானது. ஆனால் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும், தண்ணீர்க் குளிர்ச்சிக்கு ஏற்பாடு வேறு வேண்டும். 800 வாட் சராசரிக்கு அது மிகப் பெரிது, பெரும்பாலும் கால் பாரத்தில் ஓடி எண்ணெயைத்தான் வீணாக்கும். ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் மட்டும் வையுங்கள். அந்த 1500 சுற்றிலேயே பேட்டரி வோல்டேஜ் வர, மோட்டாரின் பழைய காயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சுற்று வேண்டும். ஸ்லாட்டில் அவ்வளவு கம்பி அடங்குமா என்று ஸ்டேட்டரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடைக்குக் கொண்டுவாருங்கள், கழற்றிப் பார்ப்போம்.